கடைவாய்ப் பல்லுக்கு காம்போசிட் அடைப்பு தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தில், ஈறு வரை இறங்கியிருக்கிறது. பல் நிற காம்போசிட் (பிசின் கலவை) வைத்து அடைக்கலாம் என்கிறார் டாக்டர். அது ஒளி பட்டு இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்குமாம். அதனாலும், ஒளி அடிவரை எட்ட வேண்டும் என்பதாலும் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கிறார்கள். ஓரத்தில் இடைவெளி விழுந்து மறுபடி சொத்தை வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. ஈறுக்குப் பக்கத்தில் எச்சில் படாமல் ஒட்டுவதும் கஷ்டம். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் தாள்) போடச் சொல்லிக் கேட்கலாமா?

அப்புறம், அம்மா தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். இப்படிப்பட்ட பல்லில் காம்போசிட் 10 வருடம் நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா? இல்லை, ஆன்லே (பல்லின் கடிக்கும் பகுதியை மூடி ஒட்டும் துண்டு) அல்லது முழுப் பல்லையும் மூடும் கேப் போடுவதுதான் நல்லதா? பல் மருத்துவர்கள் இருந்தால் தயவுசெய்து விளக்குங்கள்.