புதுப்பிப்பு: லென்ஸ் ஏலத்தில் சந்தேகத்துக்குரிய ஏலதாரர்

பழைய கேமரா லென்ஸை இணைய ஏலத்தில் விட்டபோது, மதிப்பீடு ஒன்றுகூட இல்லாத புதிய கணக்குக்காரர் விலையை மளமளவென ஏற்றிவிட்டு, தளத்துக்கு வெளியே கூடுதலாகப் பணம் அனுப்புவதாகவும் மீதியைத் திருப்பித் தருமாறும் எழுதியதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

முதலில் அவரைத் தடைப்பட்டியலில் சேர்த்து, பிறகு அவர் கேட்ட விலையை ரத்து செய்யும் யோசனையே பலித்தது. இந்த வரிசை முக்கியம்: தடை மட்டும் ஏற்கெனவே கேட்ட விலையை நீக்குவதில்லை, ரத்து மட்டும் செய்தால் அவர் மீண்டும் கேட்கலாம்.

எதிர்பாராத விஷயம், ரத்து செய்ததும் ஏல விலை சட்டென்று சரிந்தது. பிறரின் தானியங்கி ஏலத்தொகையை (அவர்கள் முன்பே குறித்த உச்சவரம்புக்குள், போட்டிக்கு ஏற்பத் தளமே தானாக ஏற்றும் தொகை) உயர்த்தியிருந்தவர் அவர்தான். அடுத்து வேறொரு புதிய கணக்கிலிருந்து, அதே எழுத்துப்பிழைகளுடன் அதே செய்தி வந்தது. பதில் எழுதாமல் தளத்துக்குப் புகார் அளித்தேன். இறுதியில் வென்றவரின் பணம் என் கணக்கில் வரவானதை நேரடியாகப் பார்த்த பின்னரே, மின்னஞ்சல் அறிவிப்பை மட்டும் நம்பாமல், லென்ஸை அனுப்பினேன்.