எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கினால் அது தண்டுவடப் பாதிப்பா?

மலைக்கோட்டை: அப்பாவுக்கு ஒரு மாதமாக இடுப்பு வலி, இடது கால் பெருவிரல் வரை சுரீரென்று இறங்குகிறது. எம்ஆர்ஐயில் எல்4–எல்5 ஜவ்வு (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருப்பது) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவர் 'தண்டுவடம் அடிவாங்கியிருக்கு' என்று சொல்லிவிட, அம்மா அழுதபடியே இருக்கிறார்.

பிசியோ செல்வி: அம்மாவை முதலில் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மட்டத்தில் தண்டுவடமே கிடையாது. பெரியவர்களுக்கு அது எல்1–எல்2 பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இறங்குவது நரம்பு வேர்கள், கொத்தாக, குதிரைவால் மாதிரி. லத்தீனில் வைத்த 'காடா எக்வினா' என்ற பெயருக்கும் அதுதான் அர்த்தம்.

சும்மா மணி: வலிக்கிறவனுக்குத் தண்டுவடமானால் என்ன, வேரானால் என்ன? குளுக்கோஸ் ஏற்றும்போது நர்ஸம்மா 'நரம்பு கிடைக்கல' என்பார், காலில் வெரிகோஸ் வந்தால் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்போம். ரெண்டும் ரத்தக்குழாய்தான், வைத்தியம் ஒழுங்காகத்தானே நடக்கிறது?

பிசியோ செல்வி: நர்ஸுக்கு வித்தியாசம் தெரியும், அதனால் நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் 'தண்டுவடத்துல ஊசி போட்டா கால் விழுந்துடும்' என்று பயந்து ஹெர்னியா ஆபரேஷனையே இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். தண்டுவடத்தில் குத்திவிடக் கூடாது என்றுதான் ஆபரேஷனுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகப் போடும் அந்த ஊசியை எல்3–எல்4 இடைவெளி மாதிரி கீழே போடுகிறார்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

வடமராட்சி: எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில தண்டுவடம் முண்ணாண், எலும்பு முள்ளந்தண்டு. ரத்தக்குழாய்களான நாடி, நாளம், பிறகு நரம்பு எல்லாம் வேறவேற. இவ்வளவு சொல் இருந்தும் அம்மம்மா 'நரம்பு புடைச்சிட்டுது' என்றுதான் சொல்லுவா.

சும்மா மணி: சரி, ஹெர்னியா கதைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'தண்டுவடம் இல்லை' என்றதும் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாதா? என் சித்தப்பா 'வெறும் ஜவ்வுதானே' என்று இருந்தவர், ஒருநாள் சிறுநீரே வரவில்லை.

பிசியோ செல்வி: இதைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அந்தக் குதிரைவால் கொத்து மொத்தமாக நசுங்கினால் சிறுநீர் அடைக்கலாம், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போகலாம், இரண்டு காலும் தளரலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மலைக்கோட்டை: இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறதாம், இதையெல்லாமா கேட்பாய் என்று திட்டும் விழுந்தது.