சுரங்கத்துப் பக்கத்து ஊரில் தூசி அளக்க வந்தார்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

முருங்கைமரத்தடி:
அரியலூர் பக்கம் எங்கள் ஊர். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றரை கிலோமீட்டர். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, இந்த மாவட்டத்தில் எந்த ஊர்க்காரர் படித்தாலும் தன் ஊர் என்றுதான் நினைப்பார்.

அவ்வப்போது பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் காற்று அளக்கும் மெஷினை ஏற்றுவார்கள். ஒரு நாள் முழுக்க மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். அன்று மட்டும் தண்ணி லாரி விடியற்காலையிலேயே வந்துவிடும். "ரோடு ஈரமா இருக்கு, மெஷின்காரங்க வர்றாங்க போல" என்பார் அம்மா.

போன வருஷம் கம்பெனி அதிகாரி ஊர்க் கூட்டம் போட்டார். அம்மா வீட்டு முருங்கையில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போய் மேசையில் உதறினார். பச்சை விரிப்பில் கோலமாவு சிந்தின மாதிரி ஆகிவிட்டது. அதிகாரி கோபப்படவில்லை, ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். பிஎம்10, அதாவது காற்றில் மிதக்கும் 10 மைக்ரானுக்குள்ளான நுண்தூசி, அதன் வரம்பு 24 மணி நேரத்துக்குக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், எங்கள் ஊர் அதற்குக் கீழே. அப்போ முருங்கையில் இருந்தது என்ன?

பழைய லேப் ஆள்:
ஆறு வருஷம் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ரிப்போர்ட்டும் பொய்யில்லை, உங்கள் அம்மாவும் பொய் சொல்லவில்லை.

வடிதாளை எடை போட்டு மாட்டுவோம், ஓடி முடிந்ததும் மறுபடி எடை போடுவோம். கூடின எடைதான் கணக்கு. ஆனால் 10 மைக்ரானுக்குள் இருக்கும் தூசிதான் அந்தத் தாள் வரைக்கும் போகும். அதைவிடப் பெரியதைச் சுழற்றி, கீழே இருக்கும் சின்ன கப்பில் தள்ளிவிடும். இலையிலும் காயப்போட்ட வேட்டியிலும் படிவதில் பெரும்பங்கு அந்த கப் தூசிதான். முன்பு எஸ்பிஎம் என்று மொத்தத் தூசிக்கும் ஒரு வரம்பு இருந்தது. 2009-இல் தேசியக் காற்றுத் தர வரம்பைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். நுண்தூசிதான் நுரையீரலுக்குள் ஆழமாக இறங்கும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் முருங்கைக்கு நுரையீரல் இல்லையே.

ஒரு வீட்டில் மோர் கொடுத்துவிட்டு, "எவ்வளவு தம்பி வந்துச்சு?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். ரிசல்ட் கம்பெனிக்குத்தான் போகும் என்று சொல்ல வாய் வரவில்லை. கப்பைக் கழற்றி அவர் உள்ளங்கையில் தட்டிக் காட்டினேன்.

மதிய வெடி:
எங்களுக்குத் தூசியைவிட வெடிதான். சங்கு ஊதும், அடுத்து அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் கிலுங்கும். சுவரில் விரிசல் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் புதிதாக வந்த ஒரு இளவயது அதிகாரி அதிர்வு மீட்டரை எங்கள் முற்றத்திலேயே ஊன்றி, வெடித்ததும் சீட்டைக் கையில் கொடுத்தார். எங்கள் மாதிரி வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் அதிர்வின் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் வரம்பு, அதிர்வெண் ஏற ஏற 10, 15 என்று போகும் என்று உட்கார்ந்து விளக்கினார். வரம்புக்குள்தான் இருந்தது. விரிசலுக்குப் பதில் கிடைக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வெடிச் சீட்டும் பஞ்சாயத்து வாட்ஸப் குரூப்புக்கு வருகிறது. மனுஷன் அவ்வளவு செய்ததே பெரிசு.

திருமானூர் பஸ்:
சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எழுந்து போய்விடாதீர்கள். பேசியதன் சுருக்கத்தை முடிவில் அங்கேயே ஊர் மொழியில் வாசிக்க வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி வாசித்தபோதுதான் குளத்து விஷயம் விட்டுப்போனது தெரிந்தது. கத்தினோம், சேர்த்தார்கள்.

முருங்கைமரத்தடி:
லேப் அண்ணா, கப் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த தடவை மெஷின் வரும்போது மாடிச் சாவி வேண்டும் என்று கிளார்க்கிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.