ஒரே துண்டில் மூன்று கந்தக அளவு, அவசரம்

நிலாவெளி உலை (செவ்வாய், இரவு 8.12)
வணக்கம். உலோகத்தைப் பொறியால் சுட்டு, வரும் ஒளியில் அளவு பார்க்கும் எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் கந்தகத்தை ஒவ்வொரு முறையும் வேறு வேறாகக் காட்டுகிறது. ஒரே துண்டு, மூன்று இடம்: 0.018, 0.047, 0.029 வீதம். நாளை காலை ஊற்ற வேண்டும், முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். என்ன செய்யலாம்?

கிண்ணியாப் பட்டறை
வார்ப்பிரும்பா உருக்கா? என்ன உலை? துண்டை எப்படி எடுத்தீர்கள்? மெதுவாக ஆறிய துண்டென்றால் கந்தகம் மங்கனீசோடு சேர்ந்த மங்கனீசு சல்பைடு ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்துதான் கிடக்கும்.

உப்புவெளி வெல்டர்
கடற்காற்று! கருவி இருக்கும் அறைக்கு ஏசி போட்டுப் பாருங்கள். எங்கள் பட்டறையில் எது பழுதானாலும் கடைசியில் உப்புதான்.

ஆய்வுகூடத்து மாமா
தம்பி, இங்கே வருமுன் கையேட்டைத் திறந்து பார்த்தீரா? கந்தகம் விடும் ஒளியின் கோடு 180.7 நானோமீற்றர், பொசுபரசு 178.3. அந்த ஒளியைக் காற்று குடித்துவிடும். அந்தக் காற்றை விலக்கத்தானே ஆகன் வாயு. முதல் நாளே சொல்லித் தரும் விடயம் இது.

நிலாவெளி உலை
உருக்கு. இன்டக்ஷன் உலை, 500 கிலோ, பழைய இரும்பு. துண்டு செப்பு அச்சில் ஊற்றி உடனே ஆற்றியதுதான். காபனும் ஆடுகிறது, மங்கனீசு ஆடவில்லை. நங்கூரத்துக்குச் சூடாக்கி அடிக்கும்போது விளிம்பு வெடிக்கிறது, அதனால்தான் கந்தகம் பார்க்கப் போனோம்.

கிண்ணியாப் பட்டறை
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அப்படியென்றால் செம்பைப் பாருங்கள், சூட்டில் அடிக்கும்போது அதுவும் வெடிக்க வைக்கும். பழைய இரும்போடு மோட்டார் சுருள் கலந்தால் செம்பு ஏறும். ஒட்சிசன் ஊதினாலும் போகாது. வெள்ளீயமும் அப்படித்தான்.

சீனக்குடாக்காரன்
இந்தக் காலத்துப் பழைய இரும்பெல்லாம் குப்பை. 1942 ஏப்ரலில் இங்கே திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட கப்பல்களின் இரும்பு கிடைத்தால் கருவியே தேவையில்லை. அவ்வளவு சுத்தம்.

ஆய்வுகூடத்து மாமா
2018இல் கடற்படை தூக்கியதே சகாயிங் கப்பல், அதைச் சொல்கிறீரா? 1945க்கு முந்தைய உருக்கில் இல்லாதது கதிரியக்கம். அணுகுண்டு வெடித்தபின் அது காற்றில் கலந்து, காற்று ஊதும் உலைக்குள்ளும் போனது. கந்தகம் அந்த உருக்கிலும் தாராளமாக இருக்கும்.

சீனக்குடாக்காரன்
எங்கள் அப்பா அந்த இரும்பில் செய்த கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆய்வுகூடத்து மாமா
கத்தி சாட்சியல்ல. தம்பி, துண்டைப் பளபளப்பாக்கி, படம் கழுவும் புரோமைட் தாளை 2 வீத சல்பூரிக் அமிலத்தில் நனைத்து அதன்மேல் அழுத்தும். கந்தகம் கூடிய இடம் பழுப்பாகத் தெரியும்.

உப்புவெளி வெல்டர்
அந்தத் தாளைத் திருமலையில் எந்தக் கடையில் கேட்பது, மாமா?

கோணேசபுரி மாணவி
அண்ணா, சுட்ட அடையாளம் எப்படி இருக்கிறது? நடுவில் குழி, சுற்றிக் கறுப்பு வளையம் என்றால் சரி. வெளுத்துப் பரவியிருந்தால் ஆகனில் கோளாறு. 99.999 வீதத் தூய்மை வேண்டும். காபன், கந்தகம் இரண்டும் ஆட, மங்கனீசு மட்டும் ஆடவில்லை என்றீர்களே, காற்று குடிக்கும் ஒளி அந்த இரண்டுக்கும்தான், அதுதான் கேட்கிறேன். சிலிண்டர் எங்கே எடுத்தீர்கள்?

நிலாவெளி உலை (இரவு 10.40)
வெள்ளைதான். போன கிழமை சிலிண்டர் தீர்ந்து வெல்டிங் கடையில் எடுத்தோம். அதுவும் ஆகன்தானே என்று மாட்டிவிட்டோம். நாளை ஊற்றுவதை நிறுத்தச் சொல்லியாயிற்று.

ஆய்வுகூடத்து மாமா
ஆகனென்று நான் எட்டரைக்கே சொன்னேன்.

நிலாவெளி உலை (வெள்ளி, காலை 11.05)
சிலிண்டர் மாற்றினோம். 0.031, 0.032, 0.031. எல்லோருக்கும் நன்றி, தங்கச்சிக்கு விசேடமாக.

கிண்ணியாப் பட்டறை
சந்தோசம். ஆனால் மங்கனீசு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், 0.031 கந்தகத்துக்கு அது போதுமாக இருந்தால் விளிம்பு வெடிக்கக் கூடாதே. செம்பு எவ்வளவு காட்டியது?

கிண்ணியாப் பட்டறை (அடுத்த புதன்)
தம்பி, செம்பு?