"வாசல்" தலைப்பில் குவில்ட் போட்டி: கோலம் எடுக்கலாமா? துணி, பஞ்சு, கணக்கு எல்லாம் சொல்லுங்க

மயிலை_ஊசி (கேள்வி)

வணக்கம். இணையக் குழு ஒன்று கருப்பொருள் குவில்ட் போட்டி வைக்கிறது. தலைப்பு "வாசல்". விதிகள் இவை:

முடிந்த அளவு 24 x 24 இஞ்ச், கூடவோ குறையவோ கூடாது. மூன்று அடுக்கும் (மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி) தையலால் பிடிக்கப்பட்டிருக்கணும், ஒட்டினால் செல்லாது. அவர்கள் தரும் காவி நிற காட்டன் (18 x 22 இஞ்ச்) முன்பக்கத்தில் தெரியணும். பின்னால் தொங்கவிடக் கம்பி நுழைக்கும் ஸ்லீவும் லேபிளும் வேண்டும். முடிவு அறிவிக்கும் வரை முழுப் படத்தை எங்கேயும் போடக்கூடாது. 8 வாரம் அவகாசம்.

சிக்குக் கோலம் வைக்கலாம் என்று எண்ணம். என்னிடம் இருப்பது உஷா நேர்த்தையல் மெஷின், ஜிக்ஜாக் இல்லை. இதுவரை தைத்தது குஷன் கவர், மேஜை விரிப்பு மட்டும்தான். சென்னைக் கடைகளில் கிடைப்பதை வைத்தே முடிக்க முடியுமா? எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

அடையாறு_தையல்

முதலில் விதியை இன்னொரு தரம் படிங்க. "முன்பக்கத்தில் தெரியணும்" என்று இருக்கே, காவித் துணியை பைண்டிங்காக (ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டியாக) மட்டும் போட்டால் அது முன்பக்கமாகக் கணக்கில் வருமா? சில போட்டிகளில் வரும், சிலவற்றில் வராது. நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்குங்க. வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இப்போது தலைப்பு. சென்னையில் "வாசல்" என்றால் பத்தில் பாதிப் பேராவது கோலம் போடுவார்கள், மீதிப் பேர் மாவிலைத் தோரணமும் செட்டிநாட்டுக் கதவும். கோலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் சமச்சீராக ஒரு கோலம் மட்டும் இருந்தால் அது கோலக் குவில்ட், வாசல் எங்கே? படியின் ஓரம், கதவின் கீழ்க்கட்டை, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு, கிரில் கேட்டின் நிழல் கோலத்தின் மேல் சாய்ந்து விழுவது என்று ஏதாவது ஒன்று வந்தால்தான் இடம் பிடிபடும். எனக்குத் தோன்றுவது: கோலத்தை நடுவில் வைக்காமல் கீழ் இடது மூலையில் முக்கால்வாசி மட்டும் காட்டி, மேலே வலப்பக்கம் கதவின் அடியை இரண்டு அகலப் பட்டையாக வைக்கலாம். பார்ப்பவர் நின்றுகொண்டு குனிந்து பார்க்கிற கோணம் கிடைக்கும்.

ஒரு சோதனை: தலைப்பை மறைத்து, வரைபடத்தை மட்டும் வீட்டில் யாரிடமாவது காட்டுங்க. "வாசல்" அல்லது "படி" என்ற சொல் அவர்கள் வாயில் தானாக வரவில்லை என்றால், கூட எழுதி அனுப்புகிற நாலு வரி விளக்கம் காப்பாற்றாது.

துணிகளைத் தேர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்க. நேரில் காவியும் இலைப்பச்சையும் தனித்தனியாகத் தெரியும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற நடுவருக்கும் அப்படித்தான் கலங்கலாகத் தெரியும்.

சவுக்கார்பேட்டை_கட்பீஸ்

துணி பத்தி நான் சொல்றேன்.

கோடவுன் தெருவில் பாப்ளின், கேம்ப்ரிக் நல்லாவே கிடைக்கும். நிறைய கடையில் முழுத் தான் (வெட்டாத முழுச் சுருள்) கணக்கில்தான் கொடுப்பாங்க, மீட்டரில் வெட்டித் தர்ற கடையா கேட்டுப் போங்க, ஞாயிறு போகாதீங்க. கோலத்துக்கு வெள்ளை 2x2 ரூபியா (பிளவுஸ் பிட்) நல்ல தேர்வு. நெருக்கமான நெசவு, ஓரம் சீக்கிரம் பிரியாது. டி.நகர் கட்பீஸ் கடைகளில் "காட்டன்" என்று சொல்லி பாலியெஸ்டர் கலந்ததைத் தள்ளுவாங்க. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்க: காட்டன் காகிதம் மாதிரி எரிந்து மென்சாம்பல் ஆகும், கலப்பு உருகி கெட்டியா உருண்டை பிடிக்கும். கலப்புத் துணியில் மடிப்பு அயர்ன் பண்ணினாலும் நிக்காது, வளைந்த பட்டிக்கு சுத்தமா ஆகாது.

கதவுக்குச் சுங்குடி, மெட்ராஸ் செக்ஸ் எல்லாம் அழகா இருக்கும். ஆனா கைத்தறி செக்ஸில் ஒரு தொந்தரவு: கட்டத்தின் கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் கண்ணில் குத்தும். ஸ்கேலை ஓரத்தோடு வைக்காதீங்க, கட்டத்துக் கோட்டோடு வைத்து வெட்டுங்க.

பின்துணிக்கு 36 இஞ்ச் பன்னா (அகலம்) பாப்ளின் ஒரு மீட்டர் போதும். துவைத்துச் சுருங்கிய பிறகும் 28 இஞ்ச் சதுரம் தாராளமா வரும்.

சாயம்தான் பெரிய கண்டம். உங்க வேலையில் காவியும் வெள்ளையும் ஒட்டி வருது. அவங்க அனுப்புற காவித் துணியையும் சேர்த்து எல்லாத்தையும் சோதிங்க. வெள்ளைப் பீங்கான் கப்பில் சுடுதண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ஓரத்திலிருந்து வெட்டின சின்னத் துண்டு, அரை மணி நேரம். தண்ணி நிறம் மாறினா முழுத்துணியையும் கையால் சுடுதண்ணியில் அலசி அலசி தெளியும் வரை விடணும். மெஷினில் போட்டா ஓரம் பிரிஞ்சு 18 இஞ்ச் 17 ஆகிடும். கடைசியா ஈரத் துணி மேல் வெள்ளைக் கர்சீப்பை வச்சு அயர்ன் பண்ணிப் பாருங்க. கர்சீப்பில் ஒட்டலைன்னா தைக்கலாம்.

பெரம்பூர்_நூல்கண்டு

@சவுக்கார்பேட்டை_கட்பீஸ் நல்லாச் சொன்னீங்க. கல் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன்: நிற்காது. காட்டனுக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு சாயத்தை இழைக்குள் தள்ள உதவும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒட்டாமல் மேலே உட்கார்ந்திருக்கும் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. கழுவித் தள்ளுவதுதான் வழி.

சிக்குக் கோலத்துக்கு ஜிக்ஜாக் வேண்டியதே இல்லை. பயஸ் பட்டியில் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) கையால் மறைதையல் போட்டால் மெஷினைவிடச் சுத்தமாக வரும்.

வெள்ளைத் துணியில் 18 இஞ்ச் சதுரம் எடுத்து, 45 டிகிரி சாய்வில் 1 இஞ்ச் பட்டிகளாக வெட்டுங்கள். இணைத்தால் சுமார் 300 இஞ்ச் நீளம் கிடைக்கும். போதுமா என்று பார்க்க, காகிதத்தில் முழு அளவில் வரைந்த கோலத்தின் மேல் நூலை ஓட்டி அளந்து, அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டியை நல்லபக்கம் வெளியே தெரிய நீளவாக்கில் மடியுங்கள். மடிப்பு ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டு நேர்த்தையல். தையலுக்கு வெளியே இருக்கும் துணியை ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) மட்டும் விட்டு வெட்டுங்கள். கால் இஞ்ச்சுக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் தடித்த அட்டைப் பட்டையை உள்ளே நுழைத்து, தையல் பின்பக்கம் வரும்படி உருட்டி அயர்ன் செய்து, அட்டையை இழுத்துவிடலாம். இப்படிச் செய்தால் பட்டி இரண்டு அடுக்காக இருக்கும், அடியிலுள்ள கருநிறம் வெள்ளைக்குள் தெரியாது. கடையில் கிடைக்கும் ஒற்றை அடுக்குப் பயஸ் டேப்பில் அது தெரிந்துவிடும்.

வளைவில் எப்போதும் உள் ஓரத்தை முதலில் தையுங்கள். பயஸ் துணி இழுத்தால் கொடுக்கும், சுருக்கினால் மடியும். உள் ஓரம் உட்கார்ந்த பிறகு வெளி ஓரம் தானாக நீண்டு படியும். மாற்றித் தைத்தால் உள்வளைவில் சின்னச் சின்னக் கொசுவம் விழும், அயர்ன் வைத்தாலும் போகாது. புள்ளிகளுக்கு இடையே 2 இஞ்ச் இடைவெளி வையுங்கள். ஒன்றரைக்குக் கீழே போனால் கால் இஞ்ச் பட்டி திரும்ப மறுக்கும்.

கோலக் கம்பி ஒன்றுக்கொன்று மேலும் கீழும் மாறிமாறிப் போவதைக் காகிதத்திலேயே குறித்துவிடுங்கள். மேலே செல்லும் பட்டியைக் குறுக்கிடும் இடத்தில் அரை இஞ்ச் தைக்காமல் விட்டு, கீழ்ப்பட்டி நுழைந்த பிறகு மூடுங்கள். ஆரம்பமும் முடிவும் ஒரு குறுக்கிடலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். புள்ளிக்கு முடிச்சுத் தையல், ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்றை எடுத்தால் போதும்.

மயிலை_ஊசி

மிக்க நன்றி. கேட்டுவிட்டேன், பைண்டிங் மட்டும் போட்டால் கணக்கில் வராதாம். காவித் துணி பைண்டிங், முன்பக்கம் இரண்டுக்கும் போதுமா? நடுவில் வைக்கும் பஞ்சுக்கு சோபாக் கடைகளில் விற்கும் பாலியெஸ்டர் ஷீட் சரிவருமா? கோலத்தை எதனால் துணியில் வரைவது?

அடையாறு_தையல்

போதும், ஆனால் கணக்காக வெட்டணும். சுற்றளவு 96 இஞ்ச். மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 108. 22 இஞ்ச் நீளத்தில் இரண்டரை இஞ்ச் பட்டி ஆறு வெட்டினால் 132. சாய்வாக இணைக்க ஐந்து இடத்தில் இரண்டரை வீதம் கழியும், மிச்சம் 119½. ஆறு பட்டிக்கு 15 இஞ்ச் போய்விட்டது, மீதி 3 x 22 துண்டு. அதைக் கோலத்துக்கு வெளியே காவி இட்ட கரையாக ஓட்டிவிடுங்க, விதியும் நிறைவேறும், வாசலும் வந்துவிடும். வேறு எங்கும் அந்தத் துணியைப் போட நினைக்காதீங்க, துண்டு மிஞ்சாது.

பாலியெஸ்டர் ஷீட் போடலாம், 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) வாங்குங்க. 200 என்றால் சுவரில் தொங்கும்போது மெத்தை மாதிரி உப்பும். அயர்ன் நேராகப் பட்டால் உருகித் தட்டையாகிவிடும், அதனால் மூன்றடுக்கும் சேர்ந்த பிறகு அயர்ன் வேண்டாம். ஆன்லைனில் காட்டன் பேட்டிங் (பருத்திப் பஞ்சு விரிப்பு) கிடைத்தால் அதுவே மேல், தட்டையாக விழும்.

குறிக்கும் பேனா விஷயத்தில் கவனம். நீலத் தண்ணீர்ப் பேனா தண்ணீரில் போகும், ஆனால் அழிப்பதற்கு முன் அயர்ன் பட்டால் கறை நிரந்தரம். சூட்டில் மறையும் பேனா கடுங்குளிரில் மீண்டும் தலைகாட்டும். நம்ம ஊரில் கவலையில்லை, குவில்ட் குளிர் நாட்டுக்குப் பயணம் போனால்தான் சிக்கல். மெழுகு கலந்த தையல் சாக் வேண்டவே வேண்டாம், சூடு பட்டதும் எண்ணெய்ப் புள்ளி இறங்கும்.

வில்லிவாக்கம்_வாக்கிங்ஃபுட்

தைப்பதில் எங்கே சறுக்கும் என்று கேட்டீங்க. பெரும்பாலும் துண்டுகளை இணைக்க ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டுப் போடும் தையலில்தான்.

கதவுப் பகுதியை மூன்று இஞ்ச் கட்டங்களாக, அகலவாக்கில் எட்டு வைக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். ஏழு தையல். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் தையலுக்கு ஒரு நூல் போச்சு, மொத்தம் ஏழு நூல். 24 இஞ்ச் இருக்க வேண்டியது 23 இஞ்ச் ஒரு நூலில் நிற்கும். ஊசியிலிருந்து கால் இஞ்ச்சுக்கு ஒரு இழை குறைவாக மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை ஒட்டியே ஓட்டுங்க. இழை குறைவு எதுக்குன்னா, மடிப்பு திரும்புவதிலேயே அவ்வளவு துணி போயிடும்.

மேல்பாகத்தை 26 இஞ்ச்சுக்குத் தயார் செய்யுங்க, பஞ்சும் பின்துணியும் 28. மூன்றடுக்கையும் பிடிக்கும் குவில்டிங் தையல் விழ விழ இழுத்துக்கொண்டு சுருங்கும், அதனால் 24 ஆக வெட்டுவது கடைசியில்தான்.

மூன்றடுக்கையும் சேர்க்க நாலு இஞ்ச்சுக்கு ஒரு பின். வெறும் இரும்பு சேஃப்டி பின்னை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் சென்னைக் காற்றில் துரு பிடித்து வெள்ளையில் கறை வைக்கும். ஸ்டெயின்லெஸ் போடுங்க, இல்லேன்னா பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிட்டு பிறகு பிரிச்சுடுங்க. கையால் ஓட்டுத் தையல்தான் எனக்குப் பிடித்தது, ஊசியில் மாட்டாது.

ஊசி நம்பர் 14, தையல் நீளம் 3 மிமீ, வாக்கிங் ஃபுட் (மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்) கட்டாயம். சாதா ஃபுட் மேலடுக்கைத் தள்ளிக்கொண்டே போய் ஓரத்தில் மடிப்பு கட்டிவிடும். உங்க மெஷினின் ஷாங்க் (ஃபுட் மாட்டும் தண்டு) உயரத்தைப் பார்த்து வாங்குங்க. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையுங்க. கரையில் அரை இஞ்ச்சுக்கு ஒரு கோடு, கோலத்தில் ஆறு இஞ்ச்சுக்கு ஒன்றுமே இல்லை என்றால், கரை சுருங்கி நடுப்பகுதி அப்பளம் மாதிரி உப்பிக்கும். கோலப் பட்டியின் இரு பக்கமும் ஒட்டி ஒரு கோடு, பிறகு கால் இஞ்ச் தள்ளி இன்னொன்று என்று அலையலையா எடுத்தால் அடர்த்தி சமமாகும். பின்பக்கம் நூல் வளையம் வளையமாக வந்தால் பாபினைத் திருகாதீங்க. மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை என்று அர்த்தம், ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி நூல் கோர்த்துடுங்க.

முடிந்ததும் தண்ணீர் தெளித்து, தெர்மாகோல் பலகையில் நேராக இழுத்துப் பின் குத்தி ஃபேன் காற்றில் காய விடுங்க. பிறகு 24க்கு வெட்டுங்க. மூலைவிட்டம் இரண்டையும் அளங்க: இரண்டும் 34 இஞ்ச்சுக்கு அரை நூல் குறைவாக, சமமாக இருக்கணும். ஒன்று நீண்டால் வைர வடிவமாகச் சாய்ந்திருக்குன்னு பொருள்.

பைண்டிங் தைக்கும்போது மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, திரும்பக் கீழே மடித்துத் தொடரணும். பஞ்சு பைண்டிங்கின் ஓரம் வரை நிறைந்திருக்கணும். நடுவர்கள் விரலால் நசுக்கிப் பார்ப்பதே அதைத்தான்.

பெரம்பூர்_நூல்கண்டு

ஸ்லீவ் அளவு விட்டுப்போச்சு. 9 x 24 இஞ்ச் துணி. இரு முனையும் அரை இஞ்ச் இருமுறை மடித்துத் தைத்தால் 22 ஆகும், குவில்ட்டை விட இரு பக்கமும் ஒரு இஞ்ச் உள்ளே. நீளவாக்கில் மடித்து, திறந்த ஓரத்தைப் பைண்டிங்கோடு சேர்த்தே தைத்துவிடுங்கள். கீழ் ஓரத்தைக் கையால் தைக்கும்போது வெளித்துணியை அரை இஞ்ச் தளர்வாக விடுங்கள். இல்லையென்றால் கம்பி போட்டதும் முன்பக்கம் புடைக்கும். ஊசி பின்துணியோடு நிற்கட்டும், முன்னால் வரக்கூடாது.

படம் எடுக்க காலை வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். போனைக் குவில்ட்டின் நடு உயரத்தில் பிடித்து, இரண்டு எட்டு பின்னால் போய் ஜூம் செய்யுங்கள், நெருங்கி எடுத்தால் ஓரம் வளைந்து தெரியும். நான்கு மூலையும் பைண்டிங்கோடு படத்துக்குள் வரணும். இன்னொரு படம் தையல் தெரியும் அளவுக்கு அருகில்: பட்டி பட்டிக்கு அடியில் நுழையும் இடத்தை எடுங்கள்.

கூரியருக்கு மடிக்காதீர்கள். அட்டைக் குழாயில் முன்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, முதலில் பருத்தித் துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக். மழை மாதங்களில் நேராகப் பிளாஸ்டிக்கில் மூடினால் உள்ளே ஈரம் நின்று வெள்ளையில் பூஞ்சைப் புள்ளி விழும்.