முயலுக்கும் செந்நரிக்கும் எந்தத் தோட்டா: 22, 17 ஹெச்எம்ஆர், 223?

மெல்பன்வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஏ (22 போன்ற சிறு தோட்டா ரைஃபிள்கள்), பி (223 போன்ற வலிய தோட்டா ரைஃபிள்கள்) ஆகிய இரு பிரிவுகளுக்கும் எனக்கு அண்மையில்தான் துப்பாக்கி உரிமம் கிடைத்தது. கோலாக் அருகே ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் நண்பர், மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் முயல்களையும், ஆடுகள் ஈனும் பருவத்தில் குட்டிகளைத் தூக்கிச் செல்லும் செந்நரிகளையும் சுட எழுத்து மூலம் அனுமதி தந்திருக்கிறார். கடைக்காரர் ஒருவர், 22-250 என்ற வலிய தோட்டா ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். முயல்கள் பெரும்பாலும் 40 முதல் 70 மீட்டருக்குள் இருக்கின்றன. நரி 150 மீட்டருக்கு மேல்தான் தென்படுகிறது. சுட்ட முயலை வீட்டில் சமைக்கவும் விரும்புகிறோம். முதல் ரைஃபிளாக எதை வாங்கலாம்?

பழைய வேட்டைக்காரன்:
தம்பி, முதலில் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்; பெயரின் முதல் எண் குண்டின் விட்டத்தைத்தான் குறிக்கிறது (22 என்றால் ஏறத்தாழ 0.22 அங்குலம்). 22 லாங் ரைஃபிள் (நாம் 22 என்று சொல்வது), 223, 22-250 ஆகிய மூன்றின் குண்டுகளும் ஏறத்தாழ ஒரே விட்டம் கொண்டவை; வேறுபடுவது அவற்றைத் தள்ளும் வெடிமருந்தின் அளவே. ஒலியின் வேகத்துக்குக் குறைவான வகை 22 குண்டு வினாடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) எடையுள்ள 22-250 குண்டோ 1,100 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் 50 மீட்டரில் ஒரு முயலைச் சுட்டால் குழம்பு வைக்க எதுவும் மிஞ்சாது.

உங்கள் முயல்களுக்கு அந்த மெதுவான 22 குழிமுனைக் குண்டே (முனையில் குழியுள்ளதால் பட்டதும் விரியும் குண்டு) போதும். சத்தம் குறைவாக இருப்பதால், ஒன்று விழுந்தபின்னும் மற்றவை சற்று நேரம் அங்கேயே மேய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதை விளையாட்டுத் துப்பாக்கி என்று எண்ணிவிடாதீர்கள். கோலாக் பக்கத்து நிலம் முழுவதும் எரிமலைக் கற்கள் கிடக்கும். ஒரு கோடையில் நான் சுட்ட 22 குண்டு முயலின் முதுகுக்கு மேலாகச் சென்று அத்தகைய கல் ஒன்றில் பட்டு, ரீங்காரமிட்டபடி எழும்பி, வெகுதொலைவில் நான் கவனிக்கவே இல்லாத தகரக் கொட்டகையில் மோதிய ஓசை இன்றும் காதில் நிற்கிறது. கொட்டகையில் ஆளில்லை. ஆனால் அன்றிலிருந்து, முயலுக்குப் பின்னால் மண்மேடு இருந்தாலன்றி விசையில் விரல் வைப்பதில்லை.

மேட்டுநிலத்தான்:
ஐயா சொன்ன கல் விஷயத்தில்தான் 17 ஹெச்எம்ஆர் உதவும். 22 மேக்னம் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி ஹார்னடி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட தோட்டா அது. 17 கிரெய்ன், அதாவது ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள குண்டு, வினாடிக்கு 770 மீட்டருக்கு மேல் பாய்வதால், எதில் பட்டாலும் பெரும்பாலும் நொறுங்கிவிடும். தெறித்துச் செல்வது மிகக் குறைவு. 100 மீட்டர் வரை கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்வதால், தூரத்தைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையை அது மன்னித்துவிடும்.

அது மன்னிக்காதது காற்றை. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக்காற்று அடித்தால் 100 மீட்டரில் குண்டு ஒன்பது பத்து சென்டிமீட்டர் விலகிவிடும். முயலின் தலையோ அதில் பாதிதான். எனவே, புல்நுனி சாயும் நாளில் அந்தத் தூரத்துக்கு நான் சுடுவதில்லை. காயத்தோடு வளைக்குள் புகுந்த முயல் எத்தனை நேரம் தவிக்கும் என்பதை நினைத்தால், சுடாமல் விட்டதற்காக ஒருபோதும் வருந்த மாட்டீர்கள்.

நரிக்கு ரிம்ஃபயர் (22, 17 ஹெச்எம்ஆர் போல, அடிவிளிம்பில் தட்டினால் வெடிக்கும் சிறு தோட்டா) எதையும் பரிந்துரைக்க மாட்டேன். 150 மீட்டரில் அதை உடனே வீழ்த்த 223 தேவை. 200 மீட்டருக்கும் அதுவே போதும். 22-250 இன்னும் தட்டையாகப் பாயும் என்பது உண்மைதான், ஆனால் தோட்டாவின் விலையும் சத்தமும் கூடுதல், குழலும் விரைவில் தேயும்.

மெல்பன்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதைக்கு 22 மட்டும் வாங்கி, ஆடுகள் ஈனும் பருவத்துக்கு முன் 223 வாங்க முடிவு செய்திருக்கிறேன். 22-இன் ஸ்கோப்பை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்ய வேண்டும்?

பழைய வேட்டைக்காரன்:
50 மீட்டருக்கு. அப்படிச் சரிசெய்த பின், அந்த மெதுவான குண்டு 75 மீட்டரில் ஏறத்தாழ நாலு விரல்கடை கீழே இறங்கும். தலைக்கு வைத்த குறி முன்னங்காலில் படும். ஆகவே 25, 50, 75 மீட்டர்களில் காகித இலக்கில் ஐந்தைந்து தோட்டா சுட்டு, இறக்கத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவையுங்கள். தோட்டாவின் வகையை மாற்றினால் மீண்டும் சுட்டுப் பாருங்கள். மேலும், கண்ணிமை வீங்கிச் சீழ் வடியும் முயல் கிடைத்தால் அது மிக்சோமா நோய் கண்டது. அதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.