கம்பியும் டிரான்ஸ்பார்மரும் இந்த நிலையில் இருக்கும்போது இவ்வளவு காற்று, சூரிய மின்சாரத்தைத் தாங்குமா?

தென்காசிக்காரன்

ரொம்ப நாளாக மனதில் இருக்கிற கேள்வி. தமிழ்நாட்டில் காற்றாலை 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய மின்சாரமும் 10,000-ஐத் தாண்டிவிட்டது. நாடு முழுக்க 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின்திறனை 5 லட்சம் மெகாவாட்டுக்குக் கொண்டுபோவது மத்திய அரசின் இலக்கு. இதெல்லாம் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆள்தான் நான்.

ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் போய்ப் பாருங்கள், காற்று ஆளையே தள்ளும், அந்தக் காற்றில் சில காத்தாடிகள் இறக்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். ரிப்பேரா என்று அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்டால் இல்லை, 'பேக் டவுன்' (உற்பத்தியைக் குறை) சொல்லிவிட்டார்கள் என்கிறார். கிடைக்கிற மின்சாரத்தை எடுக்க வழியில்லாமல் நிறுத்துகிறோம், அதே நேரத்தில் இன்னும் இன்னும் புதிதாக நடுகிறோம்.

வீட்டிலும் இதே கதை. மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் இன்வெர்ட்டர் திரையில் வோல்டேஜ் 255, 258, 261 என்று ஏறி, 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானே ஓடும், மறுபடியும் நிற்கும். இதே தெருவில் கோடை ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடும். ஒரே கம்பியில் பகலில் ஒரு கோளாறு, ராத்திரி அதற்கு நேர் எதிரான கோளாறு.

முதலில் கட்டமைப்பைச் சரிசெய்துவிட்டு அப்புறம் இலக்கை ஏற்றலாமே? இந்தத் துறையில் இருக்கிறவர்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

ரிலேரூம்

மின் தொடரமைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் வேறு வேறு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

காத்தாடி நிற்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். காற்று வீசுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, அதுவும் தென்கோடியில். மின்சாரம் வேண்டியிருப்பது சென்னையிலும் கோவையிலும். 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது வெளி மாநிலத்தில் விற்க மின்சாரம் இருந்தாலும் கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. தென் மாநிலங்களின் கிரிட் (மின் நிலையங்களையும் லைன்களையும் இணைக்கிற வலை) மற்ற இந்தியாவோடு ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்த பிறகு. (2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பித்ததற்கும் அந்தப் பிரிவுதான் காரணம்.) அதற்கப்புறம் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் டிசி (நேர்மின்சார) லைன் 2021-ல் முழுமையாக வந்தது. 6,000 மெகாவாட் அதில் வரலாம், இங்கே காற்று மிஞ்சும்போது அதே லைனில் வடக்கே திருப்பியும் அனுப்பலாம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், காத்தாடிகள் முதலில் வந்தன, அவை உற்பத்தி செய்ததைக் கொண்டுபோக முடியாமல் தவித்தோம், அந்தத் தவிப்பைக் காட்டித்தான் லைனுக்குப் பணமும் அனுமதியும் வாங்கினோம். கட்டமைப்பு சரியாகட்டும் என்று உட்கார்ந்திருந்தால் யாரும் கோபுரம் நட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேக வித்தியாசம் நிஜமானது. ஒரு சோலார் பூங்காவை ஒன்றரை வருடத்தில் முடித்துவிடலாம், அதன் மின்சாரத்தைக் கொண்டுபோகும் 400 கிலோவோல்ட் லைனுக்குக் கோபுரத்துக்கு இடம் வாங்கி, தோப்புக்காரரிடம் பேசி, வழக்கு முடிந்து வர நாலைந்து வருடம் ஆகிவிடும். இந்த இடைவெளியைத் திட்டம் போடும்போதே கணக்கில் எடுக்காததுதான் என் மனக்குறை.

அடுத்தது நிலக்கரி. அனல் யூனிட்டை, அதாவது அனல் நிலையத்தின் ஒரு இயந்திரத்தை, நினைத்த மாதிரி இறக்க முடியாது, அதன் முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே போனால் சிரமம் (40 வரை இறக்கப் பழக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் சொல்லிக்கொண்டிருக்கிறது). மதியம் வெயில் மின்சாரம் கொட்டும்போது யூனிட்டை நிறுத்தினால் சாயங்காலம் ஆறரை மணிக்கு அது கைக்கு வராது. சாயங்காலத்துக்கு யூனிட் வேண்டும் என்பதற்காக மதியம் அதை ஓடவிட்டு, பதிலுக்குக் காற்றையோ வெயிலையோ குறைக்கச் சொல்கிறார்கள். சட்டப்படி காற்றும் வெயிலும் எப்போதும் ஓட வேண்டிய வகை. கிரிட்டுக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம். அந்தக் காரணம் இல்லாமலும் இங்கே சோலார் நிலையங்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஆகவே நிற்கிற ஒவ்வொரு காத்தாடிக்கும் கம்பியைக் காரணம் சொல்லிவிட முடியாது, சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது பணக் கணக்கு.

கிரிட் பலவீனமாக இருந்தால் முடியாதா என்று கேட்டால் தெற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் லைன் கோபுரங்கள் சாய்ந்தன, வோல்டேஜ் அடுத்தடுத்துத் தடுமாறியதும் காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பு அவற்றை வரிசையாகத் துண்டித்தது, பக்கத்து மாநில இணைப்பும் அறுந்து மாநிலமே இருண்டது. காற்றாலையை நம்பினால் இப்படித்தான் என்று அப்போது எத்தனை பேச்சு! அவர்கள் அந்த செட்டிங்கை மாற்றினார்கள், 2017-ல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள், 2021-ல் நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்கள் வந்தன. எரிபொருள் எதுவும் இல்லாமல் கிரிட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும் கனமான இயந்திரம் அது. அதன் சுழற்சிதான் அதிர்வெண் சட்டென்று விழாமல் பிடித்துக்கொள்கிறது, வோல்டேஜையும் தாங்குகிறது. இன்று அங்கே வருட மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றும் வெயிலும்தான்.

வடமராட்சி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பயப்படுகிற விஷயம் எங்களுக்கு நடந்தே விட்டது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை போல நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் வந்த கோளாறு என்றார்கள், உலகமே அந்தக் குரங்கைப் பற்றித்தான் கதைத்தது. ஆனால் ஒரு உபமின் நிலையக் கோளாறு ஏன் முழுத் தீவையும் விழுத்த வேண்டும்? ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, நல்ல வெயில், அந்த நேரத்து மின்சாரத்தில் பாதியளவு சூரியனில் இருந்து வந்தது. ரிலேரூம் ஐயா சொன்ன அந்தச் சுற்றுகிற பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. நுரைச்சோலை அனல் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அதை மறுபடி எடுக்கும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரையில் சோலார் பூட்டியவர்கள் பிற்பகல் மூன்று மணிவரை அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று மின்சார சபை கேட்டது. 2030-க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று இலக்கு வைத்திருக்கிற நாடு இது.

எனக்கு இதில் கோபம் வருவது, பழியை சோலார் பூட்டிய சனங்களின் தலையில் போடுகிறபோது. 2016-ல் 'சூரிய பல சங்கிராமய' என்று திட்டம் கொண்டுவந்து பூட்டச் சொன்னது அரசு, கடன் எடுத்துப் பூட்டினது சனம். பேட்டரி வைப்பது, தூரத்திலிருந்து இன்வெர்ட்டரைக் குறைக்கும் ஏற்பாடு செய்வது எல்லாம் திட்டத்தோடு கூடவே வந்திருக்க வேண்டிய வேலை. உங்களுக்குப் பக்கத்து மாநிலம் இருக்கிறது, எங்களைச் சுற்றிக் கடல்தான். இந்தியாவோடு மின் இணைப்பு என்று பல வருடமாகக் கதைக்கிறார்கள்.

அதற்காகப் பழையபடி டீசலுக்கும் நிலக்கரிக்கும் போவோம் என்று யாராவது சொன்னால் 2022-ஐ ஞாபகப்படுத்துவேன். எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. வெயிலை யாரிடமும் டொலர் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தென்காசிக்காரன்

இருவருக்கும் நன்றி. பெரிய லைன் விஷயம் இப்போது புரிகிறது. தெருக் கம்பிக்கு என்ன வழி? பேட்டரி வைக்கிற வசதி எங்களுக்கு இல்லை.

பியூஸ்கேரியர்

களத்தில் வேலை செய்கிறேன், இதற்கு நான் சொல்கிறேன். உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் 'டேப்' என்று ஒன்று இருக்கும், வெளியே போகிற வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க. சப்ளையை நிறுத்தித்தான் மாற்ற முடியும், தானாக மாறாது. ராத்திரி வோல்டேஜ் குறைவு என்று புகார் வந்தால் டேப்பை ஏற்றி வைப்போம். அதே ஏற்றத்தோடு மதியம் நாலைந்து மாடியிலிருந்து மின்சாரம் உள்ளே வந்தால் கடைசி வீட்டில் 260 தொடத்தான் செய்யும். நீங்கள் லைன் முடிகிற பக்கம் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

உடனே செய்யக்கூடியது: மதியம் நிற்கும் நேரத்தில் மீட்டர் பக்கம் எத்தனை வோல்ட், இன்வெர்ட்டர் பக்கம் எத்தனை என்று எலக்ட்ரீசியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நாலைந்து வோல்ட் வித்தியாசம் இருந்தால் மாடியிலிருந்து வரும் கேபிள் மெல்லிசு, அதை நீங்களே மாற்றிவிடலாம். மீட்டரிலேயே 255-க்கு மேல் என்றால் திரையைத் தேதி, நேரத்தோடு படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தெருவில் சிங்கிள் பேஸ் சோலார் எல்லாம் ஒரே பேஸில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பல தெருவில் அப்படித்தான் இருக்கிறது, பிரித்துப் போட்டாலே பாதி பிரச்சினை தீரும். மீதிக்கு லைன் நடுவில் இன்னொரு சின்ன டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதற்கு மதிப்பீடு போட்டு அனுமதி வர நாளாகும். மாடி சோலாருக்கு மானியம் 78,000 ரூபாய் வரை தருகிறார்கள், நல்லது. அந்த வேகத்துக்குத் தெரு டிரான்ஸ்பார்மருக்கும் பணம் வந்தால் எங்கள் வேலை எவ்வளவோ சுலபமாகும்.

கொங்குமண்

விவசாயி, அதனால் ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் பம்புசெட் இருக்கிறது. நடுராத்திரியில் மூணு பேஸ் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்து போய் மோட்டார் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மிஞ்சுகிற மின்சாரம் மதியம் என்றால் அந்த நேரத்தில் மூணு பேஸைத் தோட்டத்துக்கு முழுசாகக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறினாலே மிச்ச மின்சாரம் செலவாகிவிடும், பேட்டரி எதற்கு? மகாராஷ்டிராவில் விவசாய ஃபீடருக்கென்றே (தோட்டங்களுக்கு மட்டும் போகிற தனி லைன்) துணை மின்நிலையம் பக்கத்தில் சோலார் போட்டுப் பகலில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சேமிப்பும் நமக்குப் புதிதில்லை. எங்கள் ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற ஏற்பாடு. நீலகிரியில் குந்தா, 500 மெகாவாட், அதைப் பேச ஆரம்பித்து எத்தனை வருடமாக இழுத்தடிக்கிறார்கள்! சாயங்கால ஆறரை மணிப் பிரச்சினைக்கு இந்த மாதிரி மலை நிலையம்தான் நம் ஊருக்கு ஏற்ற மருந்து. இலக்கைத் தள்ளிப்போடச் சொல்லி யாரும் மனு கொடுக்க வேண்டாம், இந்த மாதிரி வேலைக்கு முடிக்கும் தேதி கேட்டு மனு கொடுங்கள், எங்கள் சங்கத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.